இழுப்பறையிலிருந்து வந்த வரிகள்

மென்பொருள் எழுதுகிறவனின் நாளில் பாதி, அடுத்தவர் எழுதிய மூன்று நான்கு வரிகளை வாங்கிப் பொருத்துவதில் போகிறது. நாங்கள் எல்லாவற்றையும் சொந்த மூளையிலிருந்து இறக்குகிறோம் என்று வெளியில் ஒரு நினைப்பு உண்டு. உண்மையில் பக்கத்து இருக்கைக்காரரிடம், "அந்த லாக் ஃபைலப் பிரிக்க ஒரு கமாண்ட் வெச்சிருந்தியே, அதத் தட்டி விடு" என்று கேட்பதுதான் தொழில். புது லேப்டாப் கைக்கு வந்தால், "என் செட்டிங்க்ஸ எடுத்துக்கோ ப்ரோ, ஒரு நாள் மிச்சம்" என்று யாராவது ஒரு கோப்பை அனுப்பிவிடுவார். கைமாற்று மாதிரிதான். வட்டி கிடையாது, திருப்பித் தரவும் வேண்டாம்.

இந்தக் கைமாற்றுக்கு 75 வயது தாண்டிவிட்டது. அதன் வரலாற்றைக் கொஞ்ச நாளாகப் படித்துவருகிறேன். என்னைத் தொந்தரவு செய்த விஷயம் ஒன்றுதான்: தொடக்கத்தில் இந்த வரிகள் தனியாக ஊர் விட்டு ஊர் போகவில்லை. கூடவே ஒரு தாளும் போனது.

1949 மே 6 அன்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிதக் கூடத்தில் மாரிஸ் வில்க்ஸும் அவருடைய குழுவும் கட்டிய எட்சாக் கணினி தன் முதல் நிரலை ஓட்டியது. பாதரசம் நிரப்பிய குழாய்களில் ஓடும் ஒலித்துடிப்புகள்தான் அதன் நினைவகம். தந்தித் துறையில் புழங்கிய ஐந்து துளைக் காகித நாடாவில் நிரலைத் துளைத்து உள்ளே ஊட்ட வேண்டும். இயந்திரம் வேலை செய்தது, நிரல்கள்தான் செய்யவில்லை. வில்க்ஸ் ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டுக்காக எழுதிய ஆரம்பகால நிரலின் நாடா பல பத்தாண்டுகளுக்குப் பிறகு கிடைத்தது. வரலாற்றாசிரியர் மார்ட்டின் கேம்பல்-கெல்லி அதை ஆராய்ந்து பார்த்தார்: 126 வரிகளில் சுமார் 20 பிழைகள். தன் மிச்ச வாழ்க்கையில் பெரும்பகுதி சொந்த நிரல்களின் தப்பைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்பது, கணினி அறைக்கும் துளையிடும் அறைக்கும் நடுவே படியேறும்போது தனக்கு உறைத்ததாக வில்க்ஸ் பிற்பாடு எழுதினார். எங்கள் தொழிலின் முதல் ஞானோதயம் போதிமரத்தடியில் நடக்கவில்லை, மாடிப்படி வளைவில் நடந்தது.

அதற்கு மருந்தாக வந்ததுதான் நிரல்துண்டுகளின் நூலகம். அங்கே ஆராய்ச்சி மாணவராக இருந்த டேவிட் வீலர் அதற்கான அடிப்படைத் தந்திரத்தைக் கண்டுபிடித்தார். ஒரு துண்டை யார் வேண்டுமானாலும் எங்கிருந்து வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்றால், வேலை முடிந்ததும் கூப்பிட்ட இடத்துக்கே திரும்பிப் போக அதற்குத் தெரிய வேண்டும். கூப்பிடுகிறவர் தன் விலாசத்தைக் கையோடு கொண்டுபோக, துண்டு அதை வைத்துத் திரும்பும் கட்டளையைத் தன் கடைசி வரியில் தானே எழுதிக்கொள்ளும். வீலர் தாவல் என்று இதற்குப் பெயர். இன்று ஃபங்ஷன் என்று நாங்கள் சாதாரணமாகச் சொல்வதன் கொள்ளுத்தாத்தா.

1951 வாக்கில் அந்த நூலகத்தில் 87 துண்டுகள் இருந்தன. நூலகம் என்றால் நிஜமாகவே ஓர் அலமாரி. அதன் இழுப்பறைகளில் சுருட்டிய காகித நாடாக்கள். வகுத்தலுக்கு ஓர் எழுத்து, அச்சடிப்பதற்கு ஓர் எழுத்து, சைன், கொசைன் வகையறாவுக்கு ஓர் எழுத்து என்று வகை பிரித்திருந்தார்கள். வேண்டியதை எடுத்து, நாடாவை நகலெடுக்கும் கருவியில் கொடுத்து, உங்கள் நிரல் நாடாவில் படியெடுத்துக்கொள்ளலாம். கையால் மறுபடி துளைத்தால் புதுத் தப்பு நுழையும் என்பதால்தான் இந்த ஏற்பாடு.

நாடாவோடு ஒரு விவரணமும் உண்டு. இந்தத் துண்டு என்ன செய்யும், எத்தனை இடம் பிடிக்கும், எவ்வளவு நேரம் எடுக்கும், எண்ணை எங்கே வைத்துவிட்டுக் கூப்பிட வேண்டும், விடை எத்தனை இலக்கம்வரை நம்பத் தகுந்தது. வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் மூவரும் 1951இல் வெளியிட்ட நிரலாக்கப் புத்தகத்தில் கணிசமான பகுதி இந்த விவரணங்களும் நிரல்களும்தான். அடுத்த ஆண்டு பிட்ஸ்பர்க்கில் நடந்த மாநாட்டுக்கு வீலர் ஒரு கட்டுரை கொடுத்தார். இரண்டே பக்கம். அதில் எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயம்: துண்டை எழுதி, சோதித்து முடித்த பிறகும் பெரிய வேலை ஒன்று பாக்கியிருக்கிறது, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாதவரும் பயன்படுத்தும்படி விவரணம் எழுத வேண்டும், ஒருவேளை அதுதான் இருப்பதிலேயே கடினமான வேலை என்கிறார். அப்போது அவருக்கு வயது 25. எங்கள் ஆபீஸில் 25 வயதுக்காரரிடம் டாக்குமெண்ட் எழுதச் சொன்னால் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் இதே பிரச்சினை காசு வழியாகக் கண்ணில் பட்டது. ஐபிஎம் 701 கணினியைப் பயன்படுத்திய நிறுவனங்களில் பல விமானம் கட்டுபவை. ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆள் போட்டு, அதே வர்க்கமூலத்தை, அதே சைனை, அதே அசெம்ப்ளரை எழுதிக்கொண்டிருந்தன. அடுத்த மாடலான 704 வரப்போகிறது என்றதும், மறுபடியும் இந்தத் தண்டச்செலவா என்று விழித்துக்கொண்டார்கள். 1955 ஆகஸ்டில், சான்டா மோனிகாவில் இருக்கும் ராண்ட் நிறுவனத்தில் கூடிப் பேசி, ‘ஷேர்’ என்று ஒரு குழு தொடங்கினார்கள். பெயரிலேயே விஷயம் இருக்கிறது. லாக்ஹீடும் நார்த் அமெரிக்கனும் விமானச் சந்தையில் பரம வைரிகள். ஆனால் சைன் கணக்கில் பகை பாராட்டி என்ன லாபம்?

ஷேர் வழியாகப் போன நிரல்களின் பெயரிடும் முறை எனக்குப் பிடித்தது. பெயருக்கு முன்னால் அதை எழுதிய இடத்தின் இரண்டெழுத்துக் குறி வரும். குழு பொதுவாக ஏற்றுக்கொண்ட அசெம்ப்ளரை எழுதியது யுனைடெட் ஏர்கிராஃப்டில் வேலை பார்த்த ராய் நட். அதனால் அது ‘யுஏ சாப்’. நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஊரெழுத்தைப் போடுவதில்லையா, அதேதான். அட்டைக் கட்டு எந்த ஊரில் போய் இறங்கினாலும், எங்கே போய்க் கேட்க வேண்டும் என்பது பெயரிலேயே தெரியும்.

1960இல் அமெரிக்கக் கணினிச் சங்கமான ஏசிஎம், தன் மாத இதழில் அல்காரிதங்களுக்கென்று ஒரு பகுதியைத் தொடங்கியது. சின்னச் சின்ன நிரல்கள், வரிசை எண்ணோடு. 1961 ஜூலையில் வந்த 64ஆம் எண், குயிக்சார்ட். எழுதியவர் டோனி ஹோர். (இவர் பிறந்தது கொழும்பில், 1934இல். மாஸ்கோவில் மொழிபெயர்ப்பு இயந்திரம் பற்றிப் படிக்கப் போன இடத்தில், ரஷ்யச் சொற்களை அகரவரிசைப்படுத்த வழி தேடியபோது உதித்தது இந்த யோசனை.) உலகத்தில் அதிகம் படியெடுக்கப்பட்ட நிரல்துண்டுகளில் ஒன்று அது, அச்சில் அரைப்பக்கம்கூட இருக்காது. நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த ஆண்டு அதே இதழில் வந்த இன்னொரு குறிப்பைப் பற்றி. ஜே. எஸ். ஹில்மோர் என்பவர் 63, 64, 65 ஆகிய மூன்றையும் கணினியில் ஓட்டிப் பார்த்து எழுதிய சான்று அது. சான்றளிப்பு என்றே அந்த வகைக் குறிப்புகளுக்குப் பெயர். ஒருவர் எழுதுவார், அவருக்குச் சம்பந்தமில்லாத இன்னொருவர் தன் இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்து, சரியாக வருகிறது அல்லது இந்த இடத்தில் இடிக்கிறது என்பார். இருவர் பெயரும் அச்சில் வரும். அடுத்தவரின் பத்து வரியைச் சோதித்தேன் என்பது ஒருவர் பெயர் போட்டு வெளியிடத் தக்க வேலையாக இருந்த காலம் அது.

எப்போது இது தளர்ந்தது என்று ஒரு தேதி சொல்ல முடியாது. 1972 பிப்ரவரியில் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவுக் கூடம் ‘ஹேக்மெம்’ என்று ஒரு தொகுப்பு வெளியிட்டது. கணிதப் புதிர்களும் நிரல் குறுக்குவழிகளும் எண் போட்டு வரிசையாக. ஒரு எண்ணில் எத்தனை ஒன்றுகள் இருக்கின்றன என்று சில கட்டளைகளில் எண்ணும் வித்தை அதில்தான் 169ஆம் உருப்படி. யார் சொன்னது என்ற பெயர் பெரும்பாலும் இருக்கும். ஏன் வேலை செய்கிறது என்பது, முடிந்தால் நீயே கண்டுபிடி என்கிற தோரணையில்தான். சில வருஷத்தில் யுனிக்ஸின் ஆறாம் பதிப்பில், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்தில், இது உனக்குப் புரிய வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை என்கிற பொருளில் ஒரு கமெண்ட் இருந்தது. பிரசித்தி பெற்ற கமெண்ட். பரீட்சையில் இது வராது என்கிற அர்த்தத்தில்தான் அப்படி எழுதினோம், ஆணவத்தில் அல்ல என்று டென்னிஸ் ரிச்சி பிறகு விளக்கினார். கூடவே, நிஜத்தில் எங்களுக்கே அங்கே என்ன நடக்கிறது என்று சரியாகப் புரிந்திருக்கவில்லை என்றும் சொன்னார். இவ்வளவு நேர்மையாகச் சொல்லப் பெரிய மனது வேண்டும்.

நடுவில் ஒரு வேடிக்கை. 1980களில் வீட்டுக்கணினி வந்தபோது, பத்திரிகைகள் நிரல்களை அச்சிட்டன. பிள்ளைகள் உட்கார்ந்து வரிவரியாகத் தட்டச்சு செய்தார்கள். எட்சாக் காலத்தில் பயந்த அதே கைப்பிழை திரும்பி வந்தது. கொமடோர் கணினிக்காரர்களுக்கான ‘கம்ப்யூட்ஸ் கெஸட்’ 1983இல் ஒரு குட்டி நிரலைக் கொடுத்தது. ஒவ்வொரு வரியையும் அடித்து முடித்ததும் திரையில் ஒரு எண் வரும். அச்சில் அந்த வரிக்குப் போட்டிருக்கும் எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும். ஆனால் அந்த எண் உறுதிசெய்வது எழுத்துப் பிசகாமல் படியெடுத்தாயா என்பதை மட்டுமே. புரிந்ததா என்பதை அல்ல.

நம் மொழியில் இதற்கு ஒரு வார்த்தை இருக்கிறது: ஈயடிச்சான் காப்பி. மூலப் பிரதியில் ஒரு ஈ செத்து ஒட்டிக்கொண்டிருந்ததாம். படியெடுத்த குமாஸ்தா ஒரு ஈயைத் தேடி அடித்து, தன் பிரதியிலும் அதே இடத்தில் ஒட்டினாராம். குமாஸ்தாவைப் பார்த்துச் சிரிப்பதற்காகத்தான் எல்லோரும் இதைச் சொல்வார்கள். எனக்கு வரவர அவர்மேல் பரிவு கூடுகிறது. அது ஈயா, எழுத்தா என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், புதிதாகச் சேர்பவருக்குக் கொடுக்க ஒரு டெக்ஸ்ட் ஃபைல் இருந்தது. நாற்பது படிகள். இதை நிறுவு, அதை மாற்று, இந்த வரியை இந்தக் கோப்பில் ஒட்டு. யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. ஆரம்பித்தவர் எப்போதோ வேறு நிறுவனத்துக்கு, அநேகமாக வேறு கண்டத்துக்கே போயிருப்பார். அதில் ஒரு படி, ஒரு சர்வரின் முகவரியைக் கையால் சேர்க்கச் சொல்லும். இன்னொரு படி, கணினியின் நேர மண்டலத்தை லண்டன் நேரமாக வைத்துச் சோதனைகளை ஓட்டச் சொல்லும். இரண்டுக்கும் காரணம் எழுதியிருக்கவில்லை. ஒரு நாள் குழுவில் ஒருவர் தைரியமாகச் சுத்தம் செய்ய இறங்கி, இரண்டையும் தூக்கிவிட்டார். முதல் படியைத் தூக்கியதில் ஒன்றும் ஆகவில்லை. அந்த சர்வரே எப்போதோ மூடப்பட்டிருந்தது. இத்தனை வருஷம் எல்லோரும் செத்த ஈயை ஒட்டிக்கொண்டிருந்தோம். இரண்டாவதைத் தூக்கியதிலும் பகலில் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த ரிலீஸ் சமயத்தில், நள்ளிரவு தாண்டி வேலை பார்க்கும்போது மட்டும் தேதி தொடர்பான சோதனைகள் வரிசையாக விழுந்தன. காலை ஐந்தரைக்கு மேல் ஓட்டினால் எல்லாம் சுபம். இரண்டு ராத்திரி போனது. நமக்கு நள்ளிரவு தாண்டி ஐந்தரை மணி நேரம்வரை சர்வர் நேரத்தில் இன்னும் முந்தைய நாள்தான் என்பது பிறகு யாருக்கோ உறைத்தது. ஒன்று ஈ, ஒன்று தூண். பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, பார்க்க ஒரே மாதிரி இருந்தன.

இந்த மாதிரி செட்டப் வரிகள் போய்ச் சேரும் கோப்புகளின் பெயரே ஒரு புதைபடிவம். அவற்றில் பலவற்றின் வாலில் ‘ஆர்சி’ என்று இருக்கும். வண்டிக்கு இருக்கும் ஆர்சி புக் இல்லை. 1960களின் தொடக்கத்தில் எம்ஐடியில் இருந்த பிரெஞ்சுக்காரர் லூயி பூசான், வரிசையாகக் கட்டளைகளை ஓட்டும் ஒரு வசதிக்கு ‘ரன்காம்’ என்று பெயரிட்டார். அதன் சுருக்கம்தான் இன்றும் என் லேப்டாப்பில் தொங்குகிறது. அதே கோப்புகளின் தலையில் இருக்கும் புள்ளி, அவற்றைக் கண்ணில் படாமல் மறைக்கிறது. அது திட்டமிட்ட வசதியே அல்ல என்று ராப் பைக் 2012இல் எழுதினார். பட்டியலில் வந்து தொந்தரவு செய்த இரண்டு சிறப்புப் பெயர்களைத் தவிர்ப்பதற்காக, பெயர் முழுவதையும் ஒப்பிடாமல் முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்திருக்கிறார்கள். சோம்பலில் எழுதிய ஒரு வரி. அரை நூற்றாண்டாக உலகமே அதை ஒரு நெறியாகக் கடைப்பிடிக்கிறது.

காரணம் இல்லாமல் ஊர் சுற்றிய வரிகளில் மிகவும் புகழ்பெற்றது ஓர் எண்: 1597463007. 1999இல் வந்த ‘குவேக் 3 அரீனா’ விளையாட்டின் நிரலில் அது இருக்கிறது. முப்பரிமாண விளையாட்டில் ஒளி எப்படி விழுகிறது என்று கணக்கிட, ஓர் எண்ணின் வர்க்கமூலத்தால் ஒன்றை வகுக்கும் வேலையை ஓயாமல் செய்ய வேண்டும். வகுத்தலும் வர்க்கமூலமும் அன்றைய கணினிக்கு மெதுவான வேலைகள். அந்தத் துண்டு இரண்டையும் செய்வதில்லை. தசம எண்ணின் பிட்களை எடுத்து, ஏதோ முழு எண் என்பதுபோல் பாவித்து, பாதியாக்கி, 1597463007இலிருந்து கழிக்கிறது. விடையை மறுபடி தசம எண்ணாகப் படித்து, நியூட்டன் முறையில் ஒரே ஒரு திருத்தம். விடை தயார், பிழை 0.2 சதவீதத்துக்கும் குறைவு. முதல் தடவை பார்த்தால் செப்பிடு வித்தை மாதிரி இருக்கும். அந்த வரிக்குப் பக்கத்தில், ‘என்ன எழவுடா இது’ என்று தமிழில் சொல்லத்தக்க ஒரு கமெண்டும் இருந்தது.

ஏன் வேலை செய்கிறது? தசம எண்ணின் பிட்களை முழு எண்ணாகப் படித்தால் கிட்டத்தட்ட அதன் மடக்கை, அதாவது லாகரிதம், கிடைக்கிறது. மடக்கையைப் பாதியாக்கினால் வர்க்கமூலம். குறி மாற்றினால் தலைகீழி. அந்த எண், மிச்சமிருக்கும் கோணலைச் சரிக்கட்டுகிறது. பத்தாம் வகுப்பில் லாகரிதம் டேபிளைப் புரட்டியவர்களுக்குப் பழக்கமான சங்கதிதான்.

விளையாட்டின் நிரல் 2005இல் முறையாக வெளியிடப்பட்டது. அதற்கு முன்பே இந்தத் துண்டு கைமாறிக்கொண்டிருந்தது. 2003இல் கிறிஸ் லோமோன்ட் என்ற கணிதவியலாளர் இதை அலசி, கணினியை விட்டுத் தேடி, இன்னும் துளி நல்ல எண் 1597463174 என்றார். 167தான் வித்தியாசம். அந்தப் பழைய எண்ணை யார், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை. 2004இல் ரிஸ் சோமெஃபெல்ட் என்ற எழுத்தாளர் இதை எழுதியவரைத் தேடிப் புறப்பட்டார். எல்லோரும் நினைத்தது விளையாட்டின் மூளையான ஜான் கார்மாக்கை. நான் இல்லை, டெர்யே மாத்திசனாக இருக்கலாம் என்றார் அவர். மாத்திசன், நான் இதுபோல் ஒன்று எழுதியதுண்டு, ஆனால் இது அதல்ல என்றார். 3டிஎஃப்எக்ஸ் நிறுவனர்களில் ஒருவரான கேரி டரோலி, பல வருஷம் முன்னால் சிலிகான் கிராஃபிக்ஸ் இயந்திரத்தில் என் கைவழியாகப் போயிருக்கிறது, எண்ணைக் கொஞ்சம் நோண்டியும் இருக்கலாம், ஆனால் நான் எழுதவில்லை என்றார். தேடல் கடைசியில் 1980களின் பின்பாதிக்குப் போய், ஆர்டென்ட் என்ற நிறுவனத்தில் இருந்த கிரெக் வால்ஷிடம் நின்றது. அவருக்கு யோசனை கொடுத்தவர் அங்கே உடன் வேலை செய்த கிளீவ் மோலர், மேட்லேபை உருவாக்கியவர். மோலருக்கு அது பெர்க்லியின் வில்லியம் கஹனிடமிருந்தும் அவருடைய மாணவர் கே. சி. இங்கிடமிருந்தும் வந்தது.

ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராகப் போனவர்களின் கதை மாதிரி இல்லையா? இன்னாரிடம் இருக்கிறதாம், அவர் வீட்டில் போய்க் கேட்டால் அவர் மாமனார் ஊரைக் காட்டுகிறார். என்ன, இங்கே யாரும் ஏட்டை ஆற்றில் விட்டுவிட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லப்போனால், காரணம் தொலையவே இல்லை. கஹனும் இங்கும் 1986 மே மாதம் எழுதிய வரைவு ஒன்று, அதே அடிப்படை யோசனையை விளக்குவது, கட்டுரையாக வெளிவரவில்லை. ஆனால் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1993இல் இலவசமாக வெளியிட்ட கணித நூலகத்தில், வர்க்கமூலம் காணும் நிரலின் அடியில், நீண்ட கமெண்டாக அதை யாரோ அப்படியே வைத்திருந்தார்கள். எத்தனையோ கணினிகளுக்கு அந்த நூலகம் போய்ச் சேர்ந்தது. துண்டு ஒரு தெருவில் போனது, தாள் பக்கத்துத் தெருவில் போனது. இரண்டும் சந்திக்கவில்லை.

இதே சங்கதி சமீபத்தில் தலைகீழாகவும் நடந்தது. ஆண்ட்ரியாஸ் லுண்ட்பிளாட் 2010இல் ஒருவருடைய கேள்விக்குப் பதிலாக, கோப்பின் அளவை மனிதர்கள் படிக்கும்படி கேபி, எம்பி என்று காட்டும் சில வரி ஜாவா நிரலை எழுதினார். 2018இல் செபாஸ்டியன் பால்டஸ், ஸ்டெஃபான் டீல் என்ற இரண்டு ஆய்வாளர்கள், இப்படிப்பட்ட பதில்களிலிருந்து எந்தத் துண்டுகள் எங்கெல்லாம் பெயர் சொல்லாமல் படியெடுக்கப்பட்டிருக்கின்றன என்று ஆராய்ந்தபோது, ஜாவாவில் முதலிடம் இதற்கு. ஆயிரக்கணக்கான பிரதிகள். லுண்ட்பிளாட் திரும்பப் போய்த் தன் வரிகளைப் படித்துப் பார்த்தார். 999,999 பைட் கொண்ட கோப்பை அது ஒரு எம்பி என்று சொல்லாமல் 1000.0 கேபி என்று சொல்கிறது. 2019இல் தானே முன்வந்து பிழையை விளக்கி எழுதி, மூலத்தையும் திருத்தினார். மூலத்தைத் திருத்தலாம். வந்த வழியை அழித்துவிட்டு வாழும் பிரதிகளுக்கு யார் போய்த் தகவல் சொல்வது? ஷேர் காலத்து இரண்டெழுத்து அங்கே இல்லை.

இப்போது எங்கள் குழுவில் இளையவர்கள் பக்கத்து இருக்கையில்கூடக் கேட்பதில்லை. எழுதித் தரும் கருவி இருக்கிறது. நானும் தினமும் பயன்படுத்துகிறேன். அதைக் குறை சொல்லிப் பிழைக்க எனக்கு ஆசையில்லை. கேட்டால் காரணமும் சொல்கிறது, சில சமயம் நன்றாகவே. ஆனால் "இந்த வரி எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டால், "அதுவே குடுத்துச்சுணா" என்பதோடு வழி முடிந்துவிடுகிறது. சோமெஃபெல்ட் கதவு கதவாகத் தட்டியபோது ஒவ்வொரு கதவுக்கும் பின்னால் ஒரு ஆள் இருந்தார்.

நான் ரெவ்யூ செய்யும்போது, ஒட்டிய வரிக்குப் பக்கத்தில் எங்கிருந்து, எதற்காக, எதைச் சோதித்துப் பார்த்தாய் என்று எழுதச் சொல்வேன். முதுகுக்குப் பின்னால் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருப்பது தெரியும். போன மாதம் குழுவில் சேர்ந்து நாலு மாதமே ஆன பெண் ஒருத்தி அனுப்பிய மாற்றத்தில், நிரல் ஒரே ஒரு வரி. நெட்வொர்க் காத்திருப்பு நேரத்தை 30 நொடியிலிருந்து 45 ஆக்குவது. அதற்கு மேலே ஏழு வரி கமெண்ட். எந்த வாடிக்கையாளரின் எந்த இணைப்பு 38 நொடி எடுக்கிறது, யார் அளந்தது, எந்தத் தேதியில், அந்த இணைப்பு மாறினால் இந்த வரியை எடுத்துவிடலாம் என்பது வரை.

"ரொம்ப நீளமா இருக்கா?" என்று கேட்டாள். அப்படியே ஏற்றிவிடச் சொன்னேன்.